அரசாங்கப் பணியில் ஆக்கம் பெருகுவது எவ்வாறு?

'அரைக்காசு என்றாலும் அரசாங்க உத்தியோகம்' என்பது நம் முன்னோர் வாய்மொழி. மலாயாவுக்கு வந்த தமிழரிடமும் இவ்வாசை குடிகொண்டிருந்தது. இந்நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தில், தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதன்பின் ரயில்வேயிலும் மராமத்து இலாகாவிலும் மண் வெட்டியவர்களும் தண்டவாளம் பதித்தவர்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களே. நிலையத் தலைவர்களாகவும் கிராணிமார்களாகவும் அமர்ந்தோருள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். ஆகவே அரசாங்கப் பணி நமக்குப் புதிதன்று. எனினும் அப்பணியை நாம் சம்பளம், ஓய்வூதியம் என்னும் இரு கண்கொண்டே பெரிதும் பார்த்து வந்திருக்கிறோம். அதனால் மக்களுக்கு விளையும் பயன் எவ்வளவு, அப்பயன் கூடுவதும் குறைவதும் எதனால் என்று கேட்டவர் சிலரே. அக்கேள்வியே இக்கட்டுரையின் பொருளாகும்.

காம்பார் இக்கேள்வியை எழுப்புவதற்கு ஏற்ற ஊர். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்தால் வளர்ந்த ஊர் அது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றி நிலைகுலைந்தது. இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வாணிகம் நிறுத்தப்பட்டது. விலை சரிந்து, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களிலும் பல செம்பனைக்கு மாறின, சில வீட்டுமனைகளாயின. முன்பு கிந்தா மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த காம்பார், 2009ஆம் ஆண்டில் பேராக்கின் பத்தாவது மாவட்டமாயிற்று. அலுவலகம் மக்களுக்கு அருகில் வருவது நன்மையே. ஆயினும், அருகில் வந்துவிட்டதனால் மட்டும் வேலை விரைந்து நடந்துவிடுமா? அலுவலகத்தின் தொலைவு ஒன்று. அலுவலகத்தின் இயல்பு வேறொன்று.

எடைத்தராசு இல்லாத தொழில்

தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி காலையில் வெட்டிய பாலை நண்பகலில் ஸ்டோருக்குக் கொண்டுவருவார். கிராணி அதை நிறுத்துப் புத்தகத்தில் பதிவார். நீர் மிகுதியா என்றும் சோதிப்பார். அன்றைய உழைப்பின் பயன் அங்கேயே தெரிந்துவிடும். வாணிகத்தில் இலாப நட்டக் கணக்கு இதே வேலையைச் செய்கிறது. அரசாங்க அலுவலகத்திற்கு இத்தகைய தராசு இல்லை.

எண்ணிக்கையைத் தராசாகக் கொள்ளலாமே என்று சிலர் கூறுவர். அது ஏமாற்றக்கூடியது. ஒரு தாள் குறைகிறது என்று நாற்பது பேரைத் திருப்பியனுப்பிய எழுத்தரின் கணக்கில், நாற்பது பேரைக் கவனித்ததாக இருக்கும். நாள் முழுதும் அமர்ந்து ஒரு கிழவியின் சிக்கலான மனுவைத் தீர்த்துவைத்தவரின் கணக்கில், ஒன்றே இருக்கும். இவருள் மிகுந்த வேலை செய்தவர் யார்? வந்த காரியம் முடிந்து, வந்தவர் மீண்டும் வரவேண்டாதபடி அனுப்பப்பட்டாரா என்பதே பொது ஊழியத்தின் மெய்யான அளவுகோல்.

இவ்வளவுகோல் ஏழைக்கு மிக இன்றியமையாதது. ஒரு கடையில் சாமான் நன்றாக இல்லையெனில் அடுத்த கடைக்குப் போகலாம். பிறப்புப் பத்திரம் கொடுப்பதற்கோ, நிலவரி வாங்குவதற்கோ இரண்டாம் கடை கிடையாது. வசதியுள்ளவர் வழக்கறிஞரை அனுப்புவார். விடுப்பு எடுத்தாலும் சம்பளம் குறையாது. நாட்கூலிக்காரர் ஒருமுறை திரும்பிப் போனால் அவருக்கு ஒருநாள் கூலியும் பஸ் செலவும் நட்டம். அலுவலகத்தின் மந்தம் எல்லார்மேலும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதை மறத்தலாகாது.

மலாயாவில் வாழ்ந்த ஓர் ஆசிரியரின் கண்டுபிடிப்பு

அலுவலகங்களின் இயல்பைப் பற்றி உலகமெங்கும் பேசப்பட்ட ஒரு கருத்து, நம் பக்கத்தில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து வந்ததாகும். சிங்கப்பூரில் அமைந்திருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1950 முதல் 1958 வரை வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர் நார்த்கோட் பார்க்கின்சன். 1955இல் இலண்டன் 'எக்கானமிஸ்ட்' இதழில் அவர் நகைச்சுவையாக எழுதிய கட்டுரை 'பார்க்கின்சன் விதி' எனப் பெயர் பெற்றது. கொடுத்த காலம் எவ்வளவோ, அவ்வளவுக்கும் வேலை தானாக நீளும் என்பது அதன் சாரம். 1914க்கும் 1928க்கும் இடையில் பிரிட்டிஷ் கடற்படையில் பெரும்போர்க் கப்பல்கள் 62இலிருந்து 20 ஆகக் குறைந்தன. அதே காலத்தில் கடற்படைத் தலைமை அலுவலகத்தின் உத்தியோகஸ்தர்கள் 2,000இலிருந்து 3,569 ஆகப் பெருகினர் என்று அவர் எடுத்துக்காட்டினார்.

இதைப் படித்துச் சிரித்தவர் பலர், சிந்தித்தவர் சிலர். அவ்வலுவலகத்தில் இருந்தவர் அனைவரும் சோம்பேறிகள் என்று பார்க்கின்சன் சொல்லவில்லை. அனைவரும் மாலைவரை உழைத்தனர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்தினார். திருத்தியதை மூன்றாமவர் படித்தார். உழைப்பு இருந்தது, பயன் இல்லை. ஆகவே தனிமனிதரின் சுறுசுறுப்பை மட்டும் பார்த்து அலுவலகத்தை எடைபோட இயலாது. இரண்டைச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். ஒன்று, தகுந்தவரைத் தேர்ந்து, தகுந்த இடத்தில் வைத்து, வளரவிடுதல். இதைத் திறம் பேணுதல் எனலாம். மற்றொன்று, அவ்விடத்தில் ஊறிப்போன பழக்கங்கள், எழுதப்படாத சட்டங்கள், மேலவர் கீழவரை நடத்தும் முறை. இதைப் பணியிடப் பண்பாடு எனலாம்.

ஆளைத் தெரிதல்

ஆளறிந்து பணி தருதல் தமிழருக்குப் பழைய பாடமே. திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவ்வரிசையே ஒரு கருத்தாகும். முதலில் சோதித்துத் தேர்க. பின்னர், தேர்ந்தவருக்கு ஏற்ற வினையை அளித்து, நம்பி விட்டுவிடுக. இன்று பல அலுவலகங்களில் முதற்பாதி நடக்கிறது. இரண்டாம் பாதி நடப்பதில்லை.

கல்வெட்டிலும் இதற்குச் சான்று உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையைக் கூறுகின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுத்தனர். இரண்டாம் கல்வெட்டின்படி, வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். அண்மை மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். நிலவுடைமை, வேதக்கல்வி முதலிய அக்கால வரம்புகளை இன்று நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவனுக்கு மீண்டும் பதவி இல்லை என்னும் விதியைக் கவனித்தல் வேண்டும். ஆளைத் தேர்வதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பதவியிலிருந்தபோது அவர் நடந்துகொண்ட விதத்தையும் தகுதியுள் சேர்த்தனர்.

இனி, நம் நாட்டின் அனுபவத்தைக் காண்போம். 1992இல் மலேசிய அரசாங்க ஊழியருக்குப் புதிய ஊதிய முறை வந்தது. ஆண்டு மதிப்பீட்டில் சிறந்தோர்க்குச் சம்பளம் விரைந்து உயரும். பின்தங்கினோர்க்கு உயர்வு நின்றும் போகலாம். நோக்கம் நல்லதே. ஆனால் விரைந்த உயர்வு சிலருக்கு மட்டுமே என்னும்போது, ஒரே மேசையில் அமர்ந்தோர் போட்டியாளராகின்றனர்; மதிப்பெண் இடுபவரின் மனம் கோணாமல் நடப்பது வேலையைவிட முக்கியமாகிறது. 2002இல் வந்த மலேசிய ஊதிய முறை, தகுதிநிலை மதிப்பீடு என்னும் சோதனைகளைக் கொண்டுவந்தது. அவற்றில் தேறினோர்க்கே உயர்வுக்கு வழி. சோதனைத்தாள் நினைவாற்றலை அளந்தது. முகப்பில் நிற்கும் முதியவரிடம் காட்டும் பொறுமையை அளக்கவில்லை. ஊழியர் சங்கங்கள் இடைவிடாது குறை கூறின. 2011இல் அச்சோதனை நீக்கப்பட்டது. 2012 ஜனவரியில் அறிமுகமான வேறொரு முறை, மார்ச் மாதத்திலேயே கைவிடப்பட்டது.

இருபதாண்டுகளில் இத்தனை மாற்றங்கள்! மாணவரைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். எதை அளக்கிறோமோ அதையே மாணவர் படிப்பர். ஊழியரும் அப்படியே. எண்ணிக்கையை அளந்தால் எண்ணிக்கை பெருகும். சோதனையை அளந்தால் சோதனைக்குப் படிப்பர். மக்களின் காரியம் முடிந்ததா என்பதை அளந்தால்தான் காரியம் முடியும்.

சம்பளத்தை உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பாரும் உளர். 2024 டிசம்பரில் புதிய பொதுச் சேவை ஊதிய முறையின் முதற்கட்டம் நடைமுறைக்கு வந்து, ஏறத்தாழ 16 லட்சம் பேரைக் கொண்ட பொதுச் சேவையில் பெரும்பாலோர்க்குச் சம்பளம் 8 விழுக்காடு உயர்ந்தது. விலைவாசி ஏறிய காலத்தில் அது நியாயமானதே. ஆயினும் அமெரிக்க உளநூலார் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க், பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியாளர்களையும் கணக்கர்களையும் ஆராய்ந்து 1959இல் வெளியிட்ட முடிவு நினைக்கத்தக்கது. சம்பளக் குறைவும் மேலவரின் கடுமையும் மனக்கசப்பை உண்டாக்கும். அவற்றை நீக்கினால் கசப்பு நீங்கும். அதனால் மட்டும் ஊக்கம் பிறந்துவிடாது. செய்த வேலையில் நிறைவு, பிறர் பாராட்டு, பொறுப்பு, வளர்ச்சி ஆகியவையே ஊக்கம் தருவன என்றார் அவர். கசப்பில்லாத அலுவலகமும் ஊக்கமுள்ள அலுவலகமும் ஒன்றல்ல.

இடத்தின் பண்பாடு

ஊக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி அதற்கும் முன்னரே தொடங்கியது. சிக்காகோ நகருக்கு அருகிலுள்ள ஹாத்தோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகள் புகழ்பெற்றவை. விளக்கொளி, ஓய்வுநேரம், வேலைநேரம் ஆகியவற்றை மாற்றிமாற்றிப் பார்த்தனர். சில மாற்றங்கள் பாதகமாக இருந்தபோதும் விளைவு உயர்ந்தது. பேராசிரியர் எல்டன் மேயோவும் அவர் குழுவினரும், தம்மை யாரோ மதித்துக் கவனிக்கின்றனர், தம் சொல் கேட்கப்படுகிறது என்னும் உணர்வே காரணம் என்றனர். அச்சோதனைகளின் குறைகளைப் பிற்கால அறிஞர் சுட்டியுள்ளனர். அவற்றை முடிந்த உண்மையாகக் கொள்ளலாகாது. ஆயினும் தொழிலாளி இயந்திரத்தின் உறுப்பல்லன், ஒரு கூட்டத்தின் உறுப்பினன் என்னும் எண்ணம் அதிலிருந்து பரவியது.

மலேசியாவில் 1981ஆம் ஆண்டு ஜூலையில் பிரதமரான டாக்டர் மகாதீர், அலுவலகங்களில் நேர அட்டை முறையையும் பெயர்ப்பட்டை அணிதலையும் கொண்டுவந்தார். 1982இல் 'தூய்மை, திறமை, நம்பிக்கை' இயக்கமும், 1983இல் 'முன்மாதிரித் தலைமை' இயக்கமும் தொடங்கின. நேர அட்டை ஒருவர் வந்த நேரத்தைச் சொல்லும்; வந்தபின் செய்ததைச் சொல்லாது. எட்டு மணிக்கு அட்டை பதித்துவிட்டு எட்டேகாலுக்குக் காப்பிக்கடையில் அமர்வாரை எந்த அட்டையும் தடுக்காது. ஆனால் பெயர்ப்பட்டையைப் பிரதமரே தம் சட்டையில் அணிந்தார். கடைநிலை ஊழியருக்குள்ள விதி தலைமைக்கும் உண்டு என்று அது உணர்த்தியது. கருவியைவிட அதை மேலிருப்பவர் ஏற்பதே பண்பாட்டை மாற்றுகிறது.

இதனினும் ஆழமான எடுத்துக்காட்டு அதற்கு இருபதாண்டு முந்தியது. 1959இல் நாட்டுப்புற மேம்பாட்டுப் பொறுப்பை ஏற்ற துன் அப்துல் ரசாக், ஒவ்வொரு மாவட்டமும் தனக்கு வேண்டிய சாலை, குடிநீர், பள்ளி முதலியவற்றை நிலப்படங்களில் குறித்துத் திட்டம் வகுக்கச் செய்தார். அத்திட்ட ஏடு 'சிவப்புப் புத்தகம்' எனப்பட்டது. மாவட்டங்களில் நடவடிக்கை அறைகள் அமைந்தன. சுவரில் படங்கள், எந்த வேலை முடிந்தது, எது நின்றது, யாருடைய பொறுப்பு என்பன எல்லாருக்கும் தெரியும். இலாகாக்கள் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதை விட்டு ஒரே அறையில் கூடின. அமைச்சரே நேரில் வந்து, படத்தின் முன் நின்று கேள்வி கேட்பார். ஆட்கள் பழைய ஆட்களே. சட்டம் ஒழுங்கையும் வரி வசூலையும் பார்த்துவந்த மாவட்ட உத்தியோகஸ்தர்களே சாலை போடுவோராகவும் கிணறு வெட்டுவோராகவும் மாறினர். இடத்தின் பழக்கம் மாறியபோது உறங்கிய திறமை விழித்தது.

1993இல் வந்த 'வாடிக்கையாளர் சாசனம்' இதே கருத்தைப் பொதுமக்கள் பக்கம் திருப்பியது. இன்ன வேலையை இத்தனை நாளில் முடிப்போம் என்று ஒவ்வோர் அலுவலகமும் எழுதி அறிவித்தல் வேண்டும். சுவரில் தொங்கும் அப்பலகையை நம்மில் எத்தனை பேர் நின்று படித்திருக்கிறோம்? படித்துக் கேட்பவர் இருந்தால் அது சாசனம். இல்லையெனில் வெறும் பலகை.

பள்ளியும் ஓர் அரசாங்க அலுவலகமே

இவையெல்லாம் அலுவலகத்தார்க்கு உரியவை என்று தமிழாசிரியர் ஒதுங்குதல் கூடாது. அமெரிக்க அரசியல் நூலார் மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் வெளியிட்ட நூலில், மக்களை நேரில் சந்திக்கும் கடைநிலை ஊழியர்களே அரசாங்கத்தின் உண்மையான கொள்கையை உருவாக்குகின்றனர் என்றார். அவர் காட்டிய ஊழியருள் போலீஸ்காரரோடு ஆசிரியரும் உண்டு. தலைநகரில் எழுதப்படும் பாடத்திட்டம், தோட்டப்புறத்துப் பள்ளியில் ஓர் ஆசிரியரின் கையில்தான் உருப்பெறுகிறது.

திறம் பேணுதலும் பண்பாடும் ஒன்றையொன்று தாங்குவதைச் சிறிய பள்ளியில் தெளிவாகக் காணலாம். நம் நாட்டில் 150 மாணவருக்குக் குறைந்த பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி எனப்படும். தமிழ்ப்பள்ளிகளில் பல இவ்வகையின. அங்கே ஆசிரியர் சிலரே. அவருள் ஒருவர் விளையாட்டையும் பார்ப்பார், நூலகத்தையும் பார்ப்பார், புள்ளிவிவரங்களையும் நிரப்புவார். அத்தகைய இடத்தில் தலைமையாசிரியர் ஒருவர் நன்கு அமைந்தால் பள்ளி முழுதும் உயரும். அமையாவிடில் பள்ளி முழுதும் தாழும். முன்பு இப்பதவிக்குப் பணிமூப்பே பெரிதும் வழியாயிருந்தது. 2013 முதல் 2025 வரைக்குமான மலேசியக் கல்விப் பெருந்திட்டம், மூப்பை விடுத்து ஆற்றலைப் பார்க்கவும், புதிய தலைமையாசிரியர் அமினுடின் பாக்கி கழகத்தின் தலைமைத்துவத் தகுதியைப் பெற்றிருக்கவும் வழிவகுத்தது.

இது சரியான திசை. எனினும் தகுதித்தாள் பாதி வழியே. புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருவரை எண்ணிப் பாருங்கள். வாசிக்கத் திணறும் குழந்தைகளுக்குப் புதுமுறை ஒன்றைச் செய்து பார்க்க விரும்புகிறார். 'இங்கே இதெல்லாம் வழக்கமில்லை' என்று மூத்தவர் ஒருவர் சொன்னால் அவர் அடங்கிவிடுவார். மூன்றாம் ஆண்டில் அடுத்து வருபவருக்கு அவரே அதைச் சொல்வார். 'செய்து பாருங்கள், மாத இறுதியில் எங்களுக்கும் காட்டுங்கள்' என்று தலைமையாசிரியர் சொன்னால், ஒருவர் திறமை பள்ளியின் உடைமையாகும். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை. ஒரு பைசாச் செலவும் இல்லை.

அலுவலகம் மக்களிடம் வந்தபோது

நம் சமூகத்தில் பிறப்புப் பத்திரமோ நீல அடையாளக் கார்டோ இன்றித் தவித்தோர் பலர். இந்நாட்டிலேயே பிறந்தும் சிவப்புக் கார்டோடு முதுமையடைந்தோர் உண்டு. பத்திரம் இல்லையெனில் பள்ளியில் சேர்வதும் வேலை பெறுவதும் கடினம். அலுவலகங்கள் நகரில் திறந்தே இருந்தன, சட்டமும் இருந்தது. கேட்ட ஆவணம் இல்லாததால் வந்தோர் திரும்பினர். திரும்பியோர் மறுபடி வர அஞ்சினர்.

2011 பிப்ரவரியில் தேசியப் பதிவு இலாகாவும் இந்தியருக்கான சிறப்பு அமலாக்கப் பணிக்குழுவும் சேர்ந்து 'மைடஃப்தார்' என்னும் பதிவு இயக்கத்தை நடத்தின. ஊழியர்கள் மக்கள் வாழும் இடங்களை நாடி வந்தனர். பல்லாயிரவர் தம் குறையைப் பதிந்தனர். எல்லாருடைய சிக்கலும் அன்றோடு தீர்ந்துவிடவில்லை. ஆயினும் ஓர் உண்மை வெளிப்பட்டது. அதே இலாகா, அதே சட்டம், அதே ஊழியர். 'ஆவணம் கொண்டு வா' என்று காத்திருப்பதற்கு மாறாக, 'உன் சிக்கல் என்ன' என்று கேட்டபோது பயன் பெருகிற்று.

ஆகவே, அரசாங்க ஊழியத்தின் ஆக்கத்தைப் பெருக்கத் தகுதியுள்ளோரை எடுத்தல் வேண்டும். எடுத்தபின் அவருக்கு ஏற்ற வேலையும், நம்பிக்கையும், வளர இடமும் அளித்தல் வேண்டும். மக்களின் காரியம் முடிந்ததா என்பதைக் கொண்டே அவரை மதித்தல் வேண்டும். இவற்றுள் முதலாவது மேலிடத்தின் கையில் இருக்கிறது. மற்றவற்றில் பெரும்பகுதி, மாவட்ட அலுவலகத்திலும் பள்ளியிலும் இன்று அமர்ந்திருப்போரின் கையிலேயே இருக்கிறது.

தமிழாசிரியர்க்கு இதில் இரட்டைப் பொறுப்பு. தாமே பொது ஊழியராக இருப்பது ஒன்று. நாளை அரசாங்க மேசையின் இப்புறமோ அப்புறமோ நிற்கப்போகும் பிள்ளைகளை உருவாக்குவது மற்றொன்று. மனு எழுதவும், சாசனப் பலகையைப் படித்து மரியாதையாகக் கேட்கவும் அப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். அவருள் ஒருவர் நாளை அம்மேசையின் பின்னால் அமரும் நாளில், எதிரே கூலியை இழந்து வந்து நிற்கும் தாயைத் திருப்பியனுப்பாதிருப்பாராயின், அவருக்கு நாம் கற்பித்தது வீண்போகவில்லை.